சர்வரை வாடகைக்கு எடுக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

தொழில் பெருகும்போது மென்பொருளையும் தரவையும் பல கணினிகளுக்கு வழங்கும் மையக் கணினியான சர்வரை எங்கே, யாருடைய பொறுப்பில் வைப்பது என்பது குறித்துக் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இந்த இதழில் இடம்பெறுகின்றன. இரண்டு மூன்று நிறுவனங்களின் பெயரை எழுதி 'இவற்றில் எது நல்லது?' என்று கேட்டிருந்தவர்களுக்குத் தனியே பதில் தரவில்லை. கீழே உள்ளவற்றைக் கொண்டு அவர்களே அந்நிறுவனங்களை உரசிப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். எடைமேடை, கொள்முதல், விவசாயிகளின் முன்பணக் கணக்கு, இருப்பு ஆகிய அனைத்தும் ஒரே மென்பொருளில் உள்ளன. அது மாத வாடகைக்கு எடுத்த வி.பி.எஸ். சர்வரில் இயங்குகிறது. மற்ற மாதங்களில் குறை ஒன்றும் இல்லை. சீசன் சூடுபிடித்துவிட்டால் மாலை வேளைகளில் ஓர் எடைச்சீட்டு வருவதற்கே சில நிமிடங்கள் ஆகின்றன. வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. 'மேனேஜ்ட் டெடிகேட்டட் சர்வர்' எடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். வாடகையோ இப்போது கொடுப்பதைப்போல் பல மடங்கு. எடுக்கலாமா?
– ஆலை உரிமையாளர், காவேரிப்பட்டணம்

பதில்: எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன்பு, தாமதம் எந்த இடத்தில் உண்டாகிறது என்பதை அளந்து பார்த்துவிடுங்கள். வி.பி.எஸ். என்பது ஒரே இயந்திரத்தை மென்பொருள் மூலம் பல பாகங்களாகப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விடும் முறை. உங்கள் பாகத்துக்கு இவ்வளவு நினைவகம் என்று ஒதுக்கியிருந்தாலும், கணக்கிடும் பிராசசரையும் தரவு சேமிக்கும் வட்டையும் (டிஸ்க்) பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்கிறீர்கள். டெடிகேட்டட் சர்வரில் இயந்திரம் முழுவதும் உங்களுடையது. ஆகவே உங்கள் தாமதத்துக்கு அக்கம்பக்கத்தார் காரணமாக இருந்தால்தான் தனிச் சர்வர் அதைத் தீர்க்கும்.

லினக்ஸ் சர்வராக இருந்தால், 'டாப்' என்னும் கட்டளை காட்டும் திரையில் 'எஸ்.டி.' என்றும் 'டபிள்யூ.ஏ.' என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முன்னது, உங்களுக்கு வர வேண்டிய பிராசசர் நேரத்தில் எத்தனை விழுக்காடு வேறொருவருக்குப் போய்விட்டது என்பதையும், பின்னது, வட்டிலிருந்து தரவு வரட்டும் என்று பிராசசர் காத்துக் கிடந்த நேரத்தையும் காட்டும். லாரி வரிசை நீளும் அந்த மாலை நேரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இவ்விரண்டையும் ஒரு வாரம் குறித்து வைக்கும்படி உங்கள் மென்பொருள்காரரிடம் சொல்லுங்கள். முதல் எண் தொடர்ந்து உயர்ந்தே நின்றால் பழி அக்கம்பக்கத்தார் மீது. இரண்டாவது உயர்ந்தால் வட்டின் வேகம் போதவில்லை, அல்லது நினைவகம் போதாமல் வட்டை நாட வேண்டியிருக்கிறது. இரண்டும் தாழ்ந்திருந்தும் சீட்டு வரவில்லை என்றால் குறை மென்பொருளில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்த மூன்றாவது நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வளரும் தொழில்களில் அடிக்கடி காணப்படுவது இதுதான். விவசாயியின் பெயரைத் தட்டியதும் அவருடைய முன்பண பாக்கி திரையில் வர வேண்டும். தரவு சேமிக்கும் டேட்டாபேஸில் அந்த அட்டவணைக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பொருளடைவு போன்ற தேடல் குறிப்பு) போடப்படவில்லை என்றால், ஒவ்வொரு சீட்டுக்கும் மென்பொருள் முதல் ஆண்டிலிருந்து சேர்ந்துள்ள எல்லா எடைப் பதிவுகளையும் ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்க்கும். தொடங்கிய ஆண்டில் பதிவுகள் குறைவு என்பதால் யாருக்கும் தெரிந்திராது. ஆண்டுக்காண்டு பதிவு கூடக் கூடத் தாமதமும் கூடும். இப்படிப்பட்ட மென்பொருளைப் பெரிய சர்வரில் ஏற்றினால் முதல் சீசனில் ஓடும், அடுத்த சீசனிலோ அதற்கடுத்த சீசனிலோ பழையபடி நிற்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் 'ஸ்லோ குவெரி லாக்' என்ற வசதியை இயக்கிவைத்தால் எந்தத் தேடல் எத்தனை வினாடி எடுத்தது என்பது பதிவாகிவிடும். அதைப் பார்த்து இண்டெக்ஸ் போடுவது பல சமயங்களில் அரை நாள் வேலை. சர்வர் விற்க வருபவர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார். அது அவருடைய வேலையும் அன்று.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிவினாடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலோ மும்பையிலோ சர்வர்களை வைத்துப் பராமரிக்கும் டேட்டா சென்டருக்கு உங்கள் ஆலையிலிருந்து ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பச் சில மில்லிவினாடியிலிருந்து சில பத்து மில்லிவினாடி வரை ஆகும். அமெரிக்காவில் இருந்தால் 200 மில்லிவினாடிக்கு மேல். ஒரு திரை திறப்பதற்கு மென்பொருள் நூறு முறை சர்வரோடு பேசுமானால், அமெரிக்கச் சர்வரில் அதுவே 20 வினாடியைத் தின்றுவிடும். விலை மலிவாகக் கிடைத்த வி.பி.எஸ். பல எங்கிருந்து இயங்குகின்றன என்பது வாங்கியவர்களுக்கே தெரிவதில்லை.

இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகும் இயந்திரம் போதவில்லை என்றே தெரிகிறது என வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்கு டெடிகேட்டட் சர்வரை உடனே பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் வாரங்களுக்காகப் பன்னிரண்டு மாதமும் பெரிய இயந்திரத்துக்கு வாடகை கட்டுவது எதற்கு? பிராசசரை உங்களுக்கு மட்டுமே ஒதுக்கித் தரும் வி.பி.எஸ். திட்டங்கள் உண்டு, அதில் மே மாதத்தில் அளவைக் கூட்டி ஆகஸ்டில் குறைத்துக்கொள்ள முடிகிறதா என்று கேளுங்கள். பிராசசரையும் நினைவகத்தையும் கூட்டிக் குறைப்பது எளிது. வட்டின் அளவைக் கூட்டிவிட்டால் குறைப்பது கடினம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் சுமை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும் தொழிலுக்குத்தான் தனிச் சர்வர் கட்டுப்படியாகும்.

ஒருவேளை மற்ற கிளைகளையும் இணைத்து, அத்தகைய சுமை வந்துவிட்டது என்றால், நினைவகத்துக்கே முதலில் பணத்தைச் செலவிடுங்கள். அன்றாடம் புழங்கும் தரவு முழுவதும் நினைவகத்தில் அடங்கினால் வட்டின் பக்கம் போகும் தேவையே குறைந்துவிடும். அது பிழை திருத்தும் 'இ.சி.சி.' வகையாக இருக்க வேண்டும். வட்டு, என்.வி.எம்.இ. எனும் அதிவேக வகையாகவும், ஒன்று பழுதானால் மற்றொன்று தொடர்ந்து இயங்கும்படி இரட்டையாகவும் இருக்க வேண்டும். பழைய இணைப்பு முறையான சாட்டா வகை எஸ்.எஸ்.டி. வட்டு வினாடிக்கு 550 மெகாபைட் அளவிலேயே நின்றுவிடும், என்.வி.எம்.இ. அதைப்போல் பல மடங்கு தரும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் பிராசசர் கோர்களின் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின்) எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். எடைச்சீட்டு போன்ற சிறு வேலைகளுக்கு ஒவ்வொரு கோரின் வேகமே முக்கியம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் எடைமேடை, இணையம் இல்லாமலும் சீட்டு போட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஜே.சி.பி. ஒருமுறை ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டால், மும்பையில் இருக்கும் சர்வர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் உங்கள் லாரி நகராது. எடையை எடைமேடைக் கணினியிலேயே பதிந்து, சீட்டும் கொடுத்துவிட்டு, இணைப்பு வந்ததும் சர்வருக்கு அனுப்பும்படி மென்பொருளைத் திருத்தச் சொல்லுங்கள். வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட ரூட்டர் ஒன்றும், ஃபைபர் மோடத்துக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ்-உம் இருக்கட்டும். சீசன் நேரத்தில் இந்தச் செலவு சர்வர் மாற்றத்தைவிட முந்தியது.

கேள்வி: உழவர்களிடமிருந்து தக்காளி, காய்கறி வாங்கி ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் அனுப்பும் மொத்த வியாபாரம் எங்களுடையது. ஆர்டர்கள் செயலி வழியாக இரவில் வருகின்றன. தனிச் சர்வர் எடுப்பது என்று முடிவு செய்து இரண்டு விலைப்புள்ளிகள் வாங்கினோம், இயந்திரம் ஒன்றுதான். ஒன்று 'மேனேஜ்ட்', மற்றொன்று 'அன்மேனேஜ்ட்'. விலையில் பெரிய வித்தியாசம். என் அக்கா மகனுக்கு லினக்ஸ் நன்றாகத் தெரியும். பிறகு எதற்கு மேனேஜ்ட்?
– வணிகர், பாலக்கோடு

பதில்: அந்த வித்தியாசத் தொகை ஆட்களின் நேரத்துக்கான விலை. எந்த ஆள், எந்த நேரம், எந்த வேலை என்பது எழுத்தில் இல்லாதவரை அந்த விலை கூடுதலா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. 'மேனேஜ்ட்' என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. ஒரு நிறுவனம் சர்வரை இயக்கிவைத்து, அணைந்தால் மீண்டும் இயக்குவதையே மேனேஜ்ட் என்கிறது. இன்னொன்று ஆபரேட்டிங் சிஸ்டம், ஃபயர்வால் எனும் பாதுகாப்பு அரண், டேட்டாபேஸ், பேக்கப் எனும் காப்பு நகல் வரை தானே பார்த்துக்கொள்கிறது. இரண்டுக்கும் விளம்பரம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இரவு 11.40 மணிக்கு ஆர்டர்கள் நின்றுவிடுகின்றன. புகார் அனுப்புகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் பதில் வருகிறது: 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.' ஒப்பந்தத்தில் சொன்ன 15 நிமிடக் கெடு அத்துடன் நிறைவேறிவிட்டது. நள்ளிரவு 12.30-க்கு இரண்டாவது பதில்: 'சர்வர் இயங்குகிறது, பிங் (சோதனை அழைப்புக்குப் பதில்) வருகிறது, நெட்வொர்க்கில் பழுதில்லை. டேட்டாபேஸ் எங்கள் சேவை வரம்பில் இல்லை.' நடந்தது என்னவென்றால், சர்வர் தன் நடப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகள் பெருகி வட்டு நிறைந்துபோனதால் டேட்டாபேஸ் நின்றுவிட்டது. தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. அவர்கள் பொய் சொல்லவில்லை, ஒப்பந்தத்தை மீறவுமில்லை. காலையில் தக்காளிப் பெட்டிகள் மட்டும் மண்டியிலேயே கிடக்கும்.

ஆகவே விலைப்புள்ளியை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து, வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நாங்கள்', 'நீங்கள்' என்று அந்நிறுவனத்தாரையே எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். வட்டு 80 விழுக்காடு நிறைந்ததும் யார் எச்சரிப்பது? டேட்டாபேஸ் நின்றால் யார் மீண்டும் இயக்குவது? பாதுகாப்புத் திருத்தங்களை எத்தனை நாளுக்குள் ஏற்றுவது, அதற்காகச் சர்வரை அணைத்துத் திறப்பதற்கான நேரத்தை யார் முடிவு செய்வது? பேக்கப்பை யார் எடுப்பது, மீட்டுப் பார்ப்பது யார்? ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஆயுள் முடிந்தால் புதியதற்கு மாற்றுவது வாடகையில் சேர்ந்ததா, தனிக் கட்டணமா? இந்தக் கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்ய வேண்டாம். சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 7-ஆம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 30 ஜூன் 2024 அன்று நின்றுவிட்டன. அதற்குப் பிறகும் அதையே ஓட்டிக்கொண்டு மேனேஜ்ட் கட்டணம் வாங்குகிற இடத்தில் எதை மேனேஜ் செய்கிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

விழுக்காட்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 99.9 விழுக்காடு இயங்கும் என்ற உத்தரவாதம், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள்படும். 99.99 என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த உத்தரவாதம் நெட்வொர்க்குக்கு மட்டுமா, இயந்திரப் பழுதுக்கும் உண்டா, முன்னறிவிப்புடன் செய்யும் பராமரிப்பு கணக்கில் சேருமா என்பவை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இருக்கும். மீறினால் கிடைப்பது பெரும்பாலும் அம்மாத வாடகையில் ஒரு பகுதிக் கழிவுதான். அழுகிய தக்காளிக்கு யாரும் நஷ்டஈடு தருவதில்லை. எனவே விழுக்காட்டைவிட, வட்டோ பவர் சப்ளையோ பழுதானால் எத்தனை மணி நேரத்தில் மாற்றுவார்கள் என்பதற்கு எழுத்தில் என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

இனி உங்கள் அக்கா மகன். அவருக்குத் தெரியுமா என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் மேட்டூரில் ஒரு கல்யாணத்தில் இருக்கும் இரவில் யார் என்பதே கேள்வி. அதற்கு இரண்டாவது ஆள் ஒருவர் உங்களிடம் இருந்தால் அன்மேனேஜ்ட் போதும், பணமும் மிஞ்சும். இல்லையென்றால் ஆபரேட்டிங் சிஸ்டமும் அதற்குக் கீழ் உள்ளவையும் நிறுவனத்தாரிடமும், செயலியும் டேட்டாபேஸ் மாற்றங்களும் அவரிடமும் இருக்கட்டும். நிறுவனத்தாரோடு பேசும்போது அவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு வரும் பதில்களின் தரமே உங்களுக்குப் பாதி முடிவைச் சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை இரவு அவர்களுடைய உதவி எண்ணை அழைத்து, 'வட்டு நிறைந்து டேட்டாபேஸ் நின்றால் நீங்கள் சரிசெய்வீர்களா?' என்று கேட்டுப் பார்ப்பதற்கும் காசு செலவில்லை.

கேள்வி: வாகன உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் எங்களுடையது. நாங்கள் சப்ளை செய்யும் பெரிய நிறுவனத்தின் தணிக்கைக் குழு, எங்கள் கணக்கும் வரைபடங்களும் உள்ள சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, பேக்கப் எங்கே, லாக் எத்தனை நாள் என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனம் 'ரெய்டு இருக்கிறது, பயம் வேண்டாம்' என்கிறது. அது போதுமா?
– கணக்குப் பிரிவு மேலாளர், ஓசூர்

பதில்: போதாது. ஒரே தரவை இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு முறை, ஒரு வட்டு பழுதானால் வேலை நிற்காமல் காக்கும். ஊழியர் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டு வட்டிலும் அதே நொடியில் அழியும். தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் புகுந்தால் இரண்டையும் பூட்டும். பேக்கப் என்பது வேறு இயந்திரத்தில், வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் இருப்பது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் முற்றாக அழிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பலர் தரவை மீட்கவே முடியாமல் போயினர். ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களுள் ஒன்று அது.

உங்கள் படிவத்துக்கு வருவோம். நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்பதால் கம்பெனிகள் கணக்கு விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும். மின்னணு வடிவில் உள்ள கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் எடுத்து வைக்கப்பட வேண்டும் என்பது 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம். அதற்கு முன் 'அவ்வப்போது' என்றிருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தார் என்ற தடயம் பதிவாக வேண்டும். அதை அணைத்துவைக்கவும் கூடாது. கணக்கு மென்பொருள் ஓடும் சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் வெளியாரிடம் இருக்கும்போது இது வெறும் கணக்காளர் விவகாரமாக நின்றுவிடுவதில்லை. அவர்கள் உள்ளே வந்துபோனதற்கான பதிவும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அடுத்தது சைபர் பாதுகாப்பு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகளின்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாள்களுக்குப் பாதுகாக்க வேண்டும். டேட்டா சென்டருக்கு மட்டுமன்றி, உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். சர்வர் தருபவர் லாக்கை 30 நாளில் அழித்துவிடுகிறார் என்றால், மீதி நாள்களுக்கு அதைச் சேமித்துவைக்கும் ஏற்பாட்டை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். ஆறு மணி நேரக் கெடுவில் எத்தனை மணி நேரத்துக்குள் அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இடம்பெறட்டும்.

டேட்டா சென்டர் 'டயர் 3' என்று சொன்னால், மின்சாரம், குளிரூட்டும் சாதனங்கள் ஆகியவற்றைச் சர்வர்களை நிறுத்தாமலேயே பழுதுபார்க்கக்கூடிய அமைப்பு என்று அதற்குப் பொருள். சான்றிதழ் கட்டட வரைபடத்துக்கு மட்டும் வழங்கப்பட்டதா, கட்டி முடித்த வளாகத்துக்கா என்று கேளுங்கள்; இரண்டும் தனித்தனிச் சான்றுகள். தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழைக் காட்டினால், அதில் உள்ள முகவரி உங்கள் சர்வர் இருக்கும் இடத்தினுடையதா, விற்பனை அலுவலகத்தினுடையதா என்று படித்துப் பாருங்கள்.

வரைபடங்கள் இருக்கும் சர்வர் விண்டோஸ் எனில், தொலைவிலிருந்து அதன் திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்க அனுமதிக்காதீர்கள். வி.பி.என். எனும் பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டுமே நுழையும்படி செய்யுங்கள். ரேன்சம்வேர் கும்பல்கள் முதலில் தட்டிப் பார்க்கும் கதவுகளில் அது ஒன்று.

பேக்கப் இருக்கிறது என்பதற்கு நான் ஏற்கும் சான்று ஒன்றே ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் குறிப்பிடும் ஒரு நாளின் பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டு, அதில் அந்நாளின் கடைசி பில் எண்ணை உங்களுக்குக் காட்ட வேண்டும். மீட்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தணிக்கைக் குழுவின் படிவத்தில் அந்தக் குறிப்பை இணைத்து அனுப்பினால் மேற்கொண்டு அதிகம் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: புளி, சாமை, கேழ்வரகு மாவு முதலியவற்றை இணையத்தில் விற்கிறேன். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது ஆர்டர்கள். வளர வேண்டுமானால் டெடிகேட்டட் சர்வர் அவசியம் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: இல்லை அம்மா. இந்த அளவுக்குச் சாதாரண வி.பி.எஸ். அல்லது கடை நடத்துவதற்கென்றே மாதக் கட்டணத்தில் கிடைக்கும் தளங்கள் தாராளம். ஆர்டர்கள் இப்போதைப்போல் பத்து மடங்கு ஆனாலும் அதுவே தாங்கும். பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றால் பொருள்களின் படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். செல்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மிஞ்சும் பணத்தைப் பொதி கட்டும் அட்டைப்பெட்டியில் போடலாம், புளி கசியாமல் போய்ச் சேரும்.

கேள்வி: தர்மபுரியிலும் அரூரிலும் துணிக்கடைகள் வைத்திருக்கிறோம். பில்லிங்கும் இருப்பும் இணையக் கடையும் இப்போதுள்ள சர்வரிலிருந்து புதிய மேனேஜ்ட் டெடிகேட்டட் சர்வருக்கு மாற வேண்டும். எப்போது, எப்படி மாறுவது? டொமைன் பெயரை (இணையதள முகவரிப் பெயரை) பழைய வெப்சைட் செய்து கொடுத்தவரே பதிவு செய்தார். விவரம் எங்களிடம் இல்லை. புதியவர்கள் மூன்றாண்டு வாடகையை முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள்.
– துணிக்கடை உரிமையாளர், தர்மபுரி

பதில்: சர்வர் மாற்றத்தைத் தொடுவதற்கு முன் டொமைனை மீட்டுக்கொள்ளுங்கள். சர்வர் போனால் வேறு சர்வர் கிடைக்கும். வாடிக்கையாளருக்குத் தெரிந்த கடைப் பெயர் வேறொருவர் கணக்கில் இருந்தால், நாளை மனக்கசப்பு வந்தால் கடையின் கதவே அவர் கையில் இருக்கும். டொமைன் பதிவு செய்யும் நிறுவனத்தின் கணக்கில் உரிமையாளராக உங்கள் நிறுவனத்தின் பெயரும், உங்கள் மின்னஞ்சலும், கைபேசி எண்ணும் வர வேண்டும். பழையவரிடம் தன்மையாகப் பேசி, மாற்றுவதற்கான 'ஆத் கோடு' எனும் குறியீட்டைப் பெற்று உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். புதிய சர்வர் நிறுவனத்தார் 'டொமைனையும் நாங்களே வைத்துக்கொள்கிறோம்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாறும் காலம்: ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நெருக்கமான வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பொங்கல் விற்பனை முடிந்தபின் வரும் மந்தமான நாள்கள் ஏற்றவை. டொமைன் பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைப்பது டி.என்.எஸ். பதிவு; அதை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் 'டி.டி.எல்.' மதிப்பை மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே 300 வினாடியாகக் குறைத்துவைத்தால், புதிய முகவரி சில நிமிடங்களில் பரவத் தொடங்கும். குறைக்காமல் விட்டால் ஒரு நாள் வரை சிலர் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள், அவர்களுடைய ஆர்டர்கள் அங்கேயே விழும். முதலில் தரவு முழுவதையும் நகலெடுத்து, புதிய சர்வரில் பில் போட்டு, ரிட்டர்ன் எடுத்து, நாள் முடிவுக் கணக்கை அச்சிட்டுப் பாருங்கள். பார்கோடு பிரிண்டரும் கார்டு தேய்க்கும் கருவியும் அதனோடு சரியாகப் பேசுகின்றனவா என்பதைக் கவுண்டரில் நிற்பவரையே வைத்துச் சோதியுங்கள். சர்வர்காரர்கள் இதை நினைக்க மாட்டார்கள். பிறகு ஓர் இரவு கடை மூடியதும், பழைய சர்வரில் புதிய பதிவு ஏறாதபடி நிறுத்திவிட்டு, இடையில் சேர்ந்தவற்றை மட்டும் நகலெடுத்து, முகவரியை மாற்ற வேண்டும்.

அலுவலக மின்னஞ்சலை இந்தச் சர்வரில் வைக்க வேண்டாம். புதிதாகக் கிடைக்கும் ஐ.பி. முகவரியை (சர்வரின் இணைய எண்ணை) முன்பு யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அதன் கெட்ட பெயர் உங்கள் கடிதங்களை ஸ்பேம் பெட்டிக்குத் தள்ளும். மின்னஞ்சலுக்கென்று தனியாக உள்ள சேவையை எடுத்து, கடிதம் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைச் சரியாகப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாண்டு முன்பணம் கட்ட வேண்டாம். முதல் மூன்று மாதம் மாத வாடகை, அதன்பின் நிறைவாக இருந்தால் ஓராண்டு என்பதே என் கருத்து. தள்ளுபடி எவ்வளவு ஆசை காட்டினாலும், மூன்றாண்டுப் பணத்தை வாங்கிக்கொண்டவரிடம் நள்ளிரவில் வேலை வாங்குவது கடினம். தள்ளுபடிக் காலம் முடிந்தபின் புதுப்பிக்கும் விலை என்ன, கண்ட்ரோல் பேனல் லைசென்ஸும் விண்டோஸ் லைசென்ஸும் பேக்கப் இடமும் வாடகையில் சேர்ந்தவையா என்பதையும் எழுதி வாங்குங்கள். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனமானால் வரியை 'ரிவர்ஸ் சார்ஜ்' முறையில் நீங்களே கட்ட வேண்டியிருக்கும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

சர்வரின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் கடவுச்சொல் ஒன்று உங்களிடம், மூடிய உறையில், கல்லாப்பெட்டியோடு சேர்ந்து இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ எத்தனை நாள் தரவை அழிக்காமல் வைத்திருப்பார்கள், எந்த வடிவில் தருவார்கள் என்பதற்கும் ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லுங்கள். பழைய சர்வரை உடனே நிறுத்திவிடாமல், அடுத்த ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் புதிய சர்வரின் கணக்கிலிருந்து தாக்கலாகும் வரை வாடகை கட்டி வைத்திருங்கள். அதன்பின் கடைசி நகல் ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொண்டு ரத்து செய்துவிடலாம்.